ஜிகினாத் தாளை வெயிலில் உதறிப் பாருங்கள்: விக்டோரியக் கவிதைக்குள் நுழைய ஒரு வழி

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் எனக்கு அறிமுகமானது கல்லூரி நோட்ஸில். கவிதையைப் படிக்கும் முன்பே ‘மையக் கருத்து: இயற்கையில் இறைவனின் மகிமை’ என்று எழுதிக்கொண்டோம். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. கவிதை மட்டும் உள்ளே வரவில்லை. பல வருடம் கழித்து ஒரு மத்தியானம் அதே கவிதையை வாய்விட்டுப் படித்தபோதுதான், மையக் கருத்தை முதலில் தெரிந்துகொண்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று உறைத்தது.

விக்டோரியா மகாராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்தில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட பக்திக் கவிதைகளையும் இயற்கைக் கவிதைகளையும் படிக்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்து உணர்ந்தது இது: அந்தக் கவிஞர்களில் நல்லவர்களுக்கு நம்பிக்கை என்பது முதலில் கண்ணின் வேலை. ஒரு பொருளை உற்றுப் பார்க்கிறார்கள். பார்த்த அளவுக்குத்தான் துதிக்கிறார்கள். சந்தேகம் வந்தபோது அதுவும் அதே கண் வழியாகத்தான் வந்தது. அதனால் நாமும் பொருளை முதலில் பார்ப்போம், தத்துவத்துக்கு அப்புறம் வரலாம்.

முதல் படி: ஒரே ஒரு சின்னக் கவிதை

பெரிய தொகுப்பு எதுவும் வாங்க வேண்டாம். ஹாப்கின்ஸ் 1877இல் எழுதிய ‘பைட் பியூட்டி’ போதும். அவருடைய கவிதைகளின் முதல் பதிப்பே குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சானட் என்றால் வழக்கமாக 14 வரி. இவர் அதே விகிதத்தில் சுருக்கிப் பத்தரை வரியில் முடித்திருக்கிறார். கடைசி அரை வரியில் இரண்டே சொற்கள்: ‘அவனைத் துதி.’

‘பைட்’ என்பது பறவை பார்ப்பவர்கள் ‘பைட் கிங்ஃபிஷர்’ என்று சொல்கிற கறுப்பு வெள்ளை மீன்கொத்தியின் பெயரில் வரும் அதே சொல். நிறம் கலந்தது, திட்டுத்திட்டானது. ‘புள்ளியும் வரியும் உள்ளவற்றுக்காகக் கடவுளுக்கு மகிமை’ என்று கவிதை தொடங்குகிறது. பிறகு ஒரு பட்டியல். வரிபோட்ட பசுவைப் போல இருநிறமான வானம். நீந்துகிற டிரவுட் மீனின் மேல் ரோஜா நிற மச்சங்கள். கீழே விழுந்து தோல் பிளந்த செஸ்ட்நட் கொட்டை, சாம்பல் விலகிய கங்கு மாதிரி. ஃபிஞ்ச் குருவியின் இறக்கை. ஆட்டுப்பட்டி, தரிசு, உழுத நிலம் என்று துண்டு துண்டாக ஒட்டுப்போட்டது போன்ற நிலப்பரப்பு. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று: எல்லாத் தொழில்களும், அவற்றின் கருவிகளும் தளவாடங்களும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வானத்தையும் மீனையும் புகழ்வது பழைய வழக்கம். தொழிலாளியின் கருவிப்பையையும் அதே மூச்சில் புகழ்வது இவருடைய மனம். உங்கள் தெருவில் வேலை செய்கிற யாராவது ஒருவருடைய கருவிகளை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வந்து இந்த வரியை மறுபடி படியுங்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு வாக்கியம் வருகிறது. அது ஆங்கில மாணவர்களைக் குழப்பும், நம்மைக் குழப்பக்கூடாது. ஒன்றுக்கொன்று எதிரானவை, தனித்தவை, விசித்திரமானவை, நிலையில்லாதவை என்று ‘எவற்றை’ என்பதையெல்லாம் முதலில் அடுக்கிவிட்டு, கடைசியில்தான் ‘அவன் பிறப்பிக்கிறான்’ என்ற வினை வருகிறது. தமிழில் நாம் தினமும் பேசுகிற வரிசைதான் இது. வினைக்காகக் காத்திருந்து பழகிய காதுக்கு இந்தக் காத்திருப்பு சுகமாகவே இருக்கும். அந்த வினையோடு கவிதையின் முடிச்சும் அவிழ்கிறது: மாறிக்கொண்டே இருக்கும் இவ்வளவையும் பிறப்பித்தவனுடைய அழகு மாறாதது.

இன்னொன்று. ஹாப்கின்ஸ் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையின் பள்ளிகளில் மாணவர்கள் பயிற்சித் தாளின் தலைப்பில் ‘இறைவனின் அதிமிக மகிமைக்கு’ என்றும், அடியில் ‘இறைவனுக்கு என்றும் துதி’ என்றும் லத்தீனில் எழுதுவது வழக்கம். கவிதை மகிமையில் தொடங்கித் துதியில் முடிவதை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: காதால் படியுங்கள்

ஹாப்கின்ஸை மௌனமாகப் படித்தால் பாதிகூடக் கிடைக்காது. ‘ஸ்விஃப்ட், ஸ்லோ, ஸ்வீட், சவர், அடாஸில், டிம்’ என்ற வரியை நாலு தடவை சத்தமாகச் சொல்லுங்கள். வேகம், மந்தம், இனிப்பு, புளிப்பு, பளபளப்பு, மங்கல். பொருளில் எதிரெதிராக இருப்பவற்றை ஒலி கைகோத்து நிறுத்துகிறது. நமக்கு இது மோனை. சங்கப் பாட்டிலிருந்து சினிமாப் பாட்டு வரை மோனையில் ஊறிய நமக்கு, இந்தக் கவிஞரிடம் போக ஒரு குறுக்குவழி பிறப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். அவருக்கு இந்த ஓசை ஆசை வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1874 முதல் 1877 வரை வட வேல்ஸில் செயின்ட் பியூனோ கல்லூரியில் இறையியல் படித்தபோது வேல்ஷ் மொழியும் கற்றார். எழுத்தொலிகளை வரிக்குள் எதிரொலிக்க வைக்கும் கட்டுப்பாடு அந்த மொழி யாப்பில் மிகக் கடுமையானது.

‘ஸ்ப்ரங் ரிதம்’ என்று அவர் பெயர் வைத்த சந்தத்தைப் பற்றிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். தொடங்குகிறவர்களுக்கு இவ்வளவு போதும்: அசைகளை எண்ணாதீர்கள், அழுத்தங்களை எண்ணுங்கள். ‘டிங் டாங் பெல், புஸ்ஸி இஸ் இன் தி வெல்’ என்ற குழந்தைப் பாட்டையே அவர் ஒரு கடிதத்தில் உதாரணமாகக் காட்டியிருக்கிறார். கைதட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். படித்துக்காட்ட ஆள் இல்லையென்றால் லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: உவமையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

அடுத்த கவிதை ‘காட்ஸ் கிராண்டர்’. இதுவும் 1877. ‘உலகம் கடவுளின் மகத்துவத்தால் சார்ஜ் ஏறி நிற்கிறது’ என்பது முதல் வரி. மின்சாரத்துக்கு நாம் சொல்லும் அதே சார்ஜ்தான். அந்த மகத்துவம் ‘உதறிய ஃபாயிலிலிருந்து வரும் ஒளி மாதிரி’ வெடித்துக் கிளம்பும் என்கிறார்.

எந்த ஃபாயில்? கத்திச்சண்டை வாளுக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. ஹாப்கின்ஸே நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: தகடு, மினுமினுப்புத் தாள் என்ற பொருளில்தான் சொன்னேன், தங்கத் தகட்டை உதறினால் அகன்ற மின்னல் போல ஒளி வீசும், அதன் மடிப்பும் சுருக்கமும் இன்னொரு வகை மின்னலைத் தெறிக்கவிடும் என்று. சரி, கடைக்குப் போய்த் தங்க நிற ஜிகினாத் தாள் ஒன்று வாங்கி வாருங்கள். காலை வெயிலில் பிடித்து ஒரு உதறு உதறுங்கள். சுவர் முழுக்க ஓடும். எந்தப் பொழிப்புரையும் இதற்கு ஈடாகாது. அடுத்த உவமை நேர்மாறானது: ஆட்டிப் பிழிந்த எண்ணெய் மெதுவாகக் கசிந்து திரண்டு சேர்வது. முதலாவது ஒரு நொடியில் தெறிக்கிறது, இரண்டாவது நிதானமாகச் சேர்கிறது. கடவுளின் இருப்பு அந்த இரண்டு விதமாகவும் வரும் என்பதைச் சொல்ல அவருக்கு எட்டு அடிகூடத் தேவைப்படவில்லை.

பிறகு குரல் மாறுகிறது. தலைமுறைகள் ‘மிதித்தன, மிதித்தன, மிதித்தன’. எல்லாமே வியாபாரத்தால் தீய்ந்து, உழைப்பின் அழுக்கு அப்பிக் கிடக்கிறது. மண் மொட்டையாகிவிட்டது, காலில் செருப்பு மாட்டியிருப்பதால் அதை உணரவும் முடியவில்லை. பிரிட்டனில் கிராமத்தைவிட நகரத்தில் வாழ்பவர்கள் அதிகம் என்று முதல்முறையாகக் காட்டியது 1851 கணக்கெடுப்பு. ஹாப்கின்ஸுக்கு அப்போது ஆறு வயது. புகைபோக்கிகளின் நாட்டில் வளர்ந்தவர் அவர். அவருடைய இயற்கைத் துதிக்குள் எப்போதும் ஒரு துக்கம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நான்காம் படி: ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஹாப்கின்ஸ் நாட்குறிப்பு எழுதியவர். மேகம், பனிக்கட்டி, அலை உடைகிற விதம், இலை அடுக்கு என்று பக்கம் பக்கமாக எழுதினார். ‘கங்கு போலவும் சிந்தூரப் பொட்டுப் போலவும் பிரகாசமான’ செஸ்ட்நட் கொட்டைகளை அவர் குறித்து வைத்தது 1868இல். கவிதையில் அது வந்து உட்கார்ந்தது ஒன்பது வருடம் கழித்து! 1870இல் ஒரு புளூபெல் பூவைப் பார்த்துவிட்டு, இதைவிட அழகான எதையும் நான் பார்த்ததில்லை, இதன் வழியாக நம் ஆண்டவரின் அழகை அறிகிறேன் என்று எழுதினார். அடுத்த வரிகளில் அந்தப் பூவின் தலை எப்படிப் பின்னால் வளைகிறது, காம்பு எப்படிக் கோடு போடுகிறது என்ற விவரம். பக்தியும் தாவரவியலும் அவரிடம் ஒரே பத்தியில் இருக்கும்.

ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள, வேறெதற்கும் இல்லாத உள்ளமைப்புக்கு அவர் ‘இன்ஸ்கேப்’ என்று ஒரு சொல்லை உருவாக்கினார். 1873இல் அவர் தங்கியிருந்த இடத்தின் தோட்டத்து மூலையில் நின்ற ஆஷ் மரத்தை வெட்டினார்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, அது முடமாகிக் கிடப்பதைக் கண்டதும், உலகத்தின் இன்ஸ்கேப்புகள் இனியும் அழிவதைப் பார்க்காமல் செத்துப்போகலாம் என்று தோன்றியதாக எழுதியிருக்கிறார். 1879இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பின்சி என்ற ஊரில் ஆற்றோரப் பாப்லர் மரங்களை வெட்டியபோது எழுதியதுதான் ‘பின்சி பாப்லர்ஸ்’. நாட்குறிப்பின் அந்தப் பத்தியையும் இந்தக் கவிதையையும் ஒன்றாகப் படித்தவர்களுக்கு ‘இன்ஸ்கேப்’ என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியிருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு பொருளைப் பாருங்கள்: ஒரு இலை, ஒரு காக்கை, தண்ணீர்த் தொட்டியின் பாசி. ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். என்ன நிறம், எங்கே மடிகிறது, எப்படி அசைகிறது என்று எழுதுங்கள். பிறகு ‘தி விண்ட்ஹோவர்’ கவிதைக்குப் போங்கள். தான் எழுதியதிலேயே சிறந்தது என்று அவர் சொன்ன கவிதை அது. விண்ட்ஹோவர் என்பது கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு. காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அது பனிக்காலத்தில் நம் பக்கத்துக்கும் வலசை வருகிற பறவை. திறந்த வெளியில் வானத்தில் ஆணி அடித்த மாதிரி அது நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால், அந்தக் கவிதையின் மூச்சுமுட்டும் நீள வரிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: பக்கத்தில் பைபிள் இருக்கட்டும்

எந்த மதத்தவராக இருந்தாலும் இது தேவை. அந்தக் கவிஞர்களும் வாசகர்களும் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். முழுவதும் படிக்க வேண்டியதில்லை: ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், சங்கீதம் 19, 104, 148, யோபு 38 முதல் 41 வரை, மத்தேயு 6. தமிழ் பைபிளிலேயே படிக்கலாம். ‘தேவ ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்ற வசனம் மனதில் இருந்தால், ‘காட்ஸ் கிராண்டர்’ முடிவில் தூய ஆவி வளைந்த உலகத்தின் மேல் கதகதப்பான மார்போடு அடைகாத்து உட்கார்ந்திருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரியும். மிதித்துக் கெடுத்த அதே உலகத்தின் மேல்தான் அந்தப் பறவை உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் செருப்பையும் மறந்துவிடாதீர்கள். யாத்திராகமத்தில் எரிகிற முட்செடியின் முன் மோசேக்குக் கேட்ட குரல் ‘உன் கால்களில் இருக்கிற பாதரட்சையைக் கழற்றிப்போடு’ என்கிறது. எலிசபெத் பாரெட் பிரௌனிங் 1856இல் வெளிவந்த ‘அரோரா லீ’ என்ற நீண்ட கவிதையில் சொல்கிறார்: பூமியில் வானம் திணித்துக் கிடக்கிறது, சாதாரணப் புதர் ஒவ்வொன்றும் கடவுளால் பற்றி எரிகிறது, பார்க்கிறவன் மட்டும் செருப்பைக் கழற்றுகிறான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பிளாக்பெரி பழம் பறிக்கிறார்கள். ‘அரோரா லீ’யை முழுதாகப் படிப்பது இப்போது வேண்டாம், இந்த வரிகள் ஏழாம் பாகத்தில் இருக்கின்றன.

மத்தேயுவில் ‘காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்’ என்று வருகிறது. கிறிஸ்டினா ரொசெட்டி அதைத் தலைப்பாக வைத்தே ஒரு கவிதை எழுதினார். ரோஜா, அல்லி, பாப்பி எல்லாம் பேசி முடித்த பிறகு, வழியோரப் புல்லும் பாசியும் களையும்கூட ஒரு சிறு விதையை வளர்க்க மழை அனுப்புகிறவனின் அன்பைச் சொல்கின்றன என்று முடிக்கிறார். ரொசெட்டியின் மொழி எளியது. ஹாப்கின்ஸ் திணறடித்தால் ஒரு வாரம் இவரிடம் இருந்துவிட்டு வரலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு துணைவழியும் இருக்கிறது. ஹாப்கின்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்தபோது அங்கே ஆசிரியராக இருந்தவர் பெஞ்சமின் ஜோவெட். பிறகு அவரே அந்தக் கல்லூரியின் தலைவரானார். ஜி.யு. போப் தம் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிடத் தயங்கியபோது ஊக்கம் கொடுத்தவரும் இதே ஜோவெட்தான். 1900இல் வந்த அந்த நூலின் முன்னுரையில் போப் அதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகரை அறிந்தவர்கள் அந்த ஆங்கிலத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். விக்டோரிய பக்திக் கவிதையின் தொனி எப்படி இருக்கும் என்பது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டின் வழியாகவே காதில் விழும்.

ஆறாம் படி: மறுபக்கத்தையும் கேளுங்கள்

துதியை மட்டும் படித்தால் அந்தக் காலத்தைப் பாதிதான் படித்ததாகும். ஆல்ஃபிரட் டென்னிசனின் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் வியன்னாவில் 22 வயதில் திடீரென்று இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் பதினேழு வருடம் எழுதிச் சேர்த்தது ‘இன் மெமோரியம்’, 1850இல் வெளிவந்தது. மொத்தம் 131 பகுதிகள். முதலில் 54, 55, 56 மூன்றை மட்டும் எடுங்கள். 55இல் ஒரு சின்ன ஆறுதல்: தனி உயிரைப் பற்றி இயற்கை கவலைப்படாவிட்டாலும் இனத்தையாவது காக்கிறதே! 56 அதையும் பிடுங்கிக்கொள்கிறது. பாறைச் சரிவிலிருந்து இயற்கை கத்துகிறது: ஆயிரம் இனங்கள் போய்விட்டன, எனக்கு எதைப் பற்றியும் அக்கறையில்லை, எல்லாம் போகும். ‘பல்லிலும் நகத்திலும் ரத்தச் சிவப்பான இயற்கை’ என்ற புகழ்பெற்ற தொடர் இங்கேதான் வருகிறது.

பலர் இதை டார்வினின் விளைவு என்று எழுதுகிறார்கள். டார்வினின் புத்தகம் வந்தது 1859இல், கவிதைக்கு ஒன்பது வருடம் பின்னால். டென்னிசனை உலுக்கியது பாறைகளைப் படித்த நிலவியல். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1851இல் ஒரு கடிதத்தில், பைபிள் வசனம் ஒவ்வொன்றின் முடிவிலும் நிலவியலாளர்களின் சுத்தியல் சத்தம் கேட்கிறது என்று புலம்பினார். அந்தச் சுத்தியலைக் காதில் வைத்துக்கொண்டு 56ஐப் படியுங்கள். அப்புறம் 96க்குப் போங்கள்; பாதி சமயக் கொள்கைகளில் இருப்பதைவிட நேர்மையான சந்தேகத்தில் அதிக நம்பிக்கை வாழ்கிறது என்கிறார் அங்கே. கணவர் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி பைபிளுக்கு அடுத்தபடியாக ஆறுதல் தேடியது இந்த நூலில்தான்.

மேத்யூ ஆர்னல்டின் ‘டோவர் பீச்’ 1867இல் வெளிவந்தது. நம்பிக்கை என்னும் கடல் உள்வாங்கிப் போகும் நீண்ட சோக இரைச்சலைக் கேட்கிறார். ஒன்றைக் கவனியுங்கள்: டோவர் கடற்கரை நம் மெரினா மாதிரி மணல் இல்லை, கூழாங்கல். அலை திரும்பும்போது கற்களை இழுத்துக்கொண்டு போகும் கரகர ஒலியைத்தான் அவர் கேட்டார். கூழாங்கல் கடற்கரையின் ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிக் கேட்டுவிட்டுப் படித்தால், அந்த இரைச்சலை வெறும் அலங்காரமாக எண்ண மாட்டீர்கள். தாமஸ் ஹார்டியின் ‘தி டார்க்லிங் த்ரஷ்’ 1900 டிசம்பர் கடைசியில் வந்தது. அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: திரும்பவும் ஹாப்கின்ஸிடம்

1884இல் அவரை டப்ளினுக்குக் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பினார்கள். விடைத்தாள் திருத்துகிற பாரம், உடல்நலக் குறைவு, தனிமை. 1885 வாக்கில் எழுதிய சானட்டுகளில் மீனும் பசுவும் இல்லை. மலைகள் மட்டும் இருக்கின்றன, அவையும் மனதுக்குள்: யாரும் ஆழம் காணாத செங்குத்துப் பள்ளங்கள். இவற்றை முதலிலேயே படிக்காதீர்கள். ‘பைட் பியூட்டி’ மனப்பாடம் ஆன பிறகு படித்தால்தான், எதை இழந்த ஒரு மனிதர் பேசுகிறார் என்று தெரியும்.

1889 மார்ச் 17 அன்று எழுதிய ஒரு சானட் எரேமியா தீர்க்கதரிசியின் வழக்கோடு தொடங்குகிறது: ஆண்டவரே, நீர் நீதியுள்ளவர்தான், ஆனாலும் நான் உம்மோடு வழக்காடுகிறேன், என் வழக்கும் நியாயமானதே. தீயவர்கள் ஏன் செழிக்கிறார்கள், நான் எடுத்ததெல்லாம் ஏன் ஏமாற்றத்தில் முடிகிறது? அப்படிக் கேட்டுக்கொண்டே ஆற்றங்கரையையும் புதர்களையும் பார்க்கிறார். அவ்வளவு வேதனையிலும் அந்தக் கண் மூடவில்லை. இலை அடர்ந்துவிட்டது, அதன் மேல் புதிதாகச் செடிகளின் பின்னல், புதுக் காற்று அதை அசைக்கிறது. பறவைகள் கூடு கட்டுகின்றன, நான் கட்டவில்லை. அதே வருடம் ஜூன் 8 அன்று டைஃபாய்டில் இறந்தார், 44 வயது. கவிதைகளைப் பிரிட்ஜஸ் பத்திரமாக வைத்திருந்து 1918இல்தான் புத்தகமாக்கினார். 750 பிரதிகள், விற்றுத் தீரப் பத்து வருடம் ஆனது.

அந்தச் சானட்டின் கடைசி நான்கு சொற்களை மட்டும் இன்று இரவு சத்தமாகச் சொல்லுங்கள்: ‘ஸென்ட் மை ரூட்ஸ் ரெய்ன்.’ என் வேர்களுக்கு மழை அனுப்பும். ஒவ்வொரு சொல்லும் ஓரசைதான். வேகமாகச் சொல்ல முடியாது. ‘ரூட்ஸ்’ முடிந்ததும் வாய் ஒரு கணம் தயங்கி நின்றுதான் ‘ரெய்ன்’ சொல்லும்.